பிரேக் பிடித்த கை

என் கால்கள் போனது போரினால் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இதைச் சொல்லிச் சொல்லியே எனக்குப் பாதி ஆயுள் போய்விட்டது. கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு மேல்தட்டில் ஏறி நின்று டீவி அன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருந்தேன். கிரிக்கெட் மேட்ச் நடந்துகொண்டிருந்தது. கீழேயிருந்து மனைவி, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று குரல் கொடுத்தாள். இன்னும் கொஞ்சம் திருப்பினேன். விழுந்தேன். முதுகெலும்பு முறிந்தது. கதை அவ்வளவுதான்.

ஆனால் அந்த வருஷங்களில், கொழும்பில் சக்கர நாற்காலியில் இருக்கும் தமிழன் அன்டெனாவிலிருந்து விழுந்திருக்க யாரும் சம்மதிப்பதில்லை. வெள்ளவத்தைக்குப் போனால், வடக்கிலிருந்து வந்து லொட்ஜில் தங்கியிருக்கும் பெரியவர்கள் என்னை நிறுத்தி, "எவடத்தில தம்பி ஷெல் விழுந்தது?" என்று கேட்பார்கள். அன்டெனா என்றதும் அவர்கள் முகம் வாடிவிடும், நான் ஏதோ அவர்களை ஏமாற்றிவிட்டதுபோல. ஆமிக்காரனுக்கோ வேறு கேள்வி. எந்தச் சண்டையில், எந்தப் பக்கம் நின்று அடிபட்டாய் என்பதுதான் அவன் பார்வையிலேயே இருக்கும். அதனால் ஆஸ்பத்திரியில் தந்த டயக்னோசிஸ் கார்டைப் பொலித்தீன் உறையில் போட்டு, அடையாள அட்டையோடு சேர்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேதான் வீட்டைவிட்டு வெளிக்கிடுவேன். மற்றவர்களுக்கு ஒரு அட்டை, எனக்கு இரண்டு.

விழுவதற்கு முன் நான் வேன் ஓட்டினேன். சொந்த வேன். எயார்போட்டுக்கு, கல்யாணங்களுக்கு, ஆடி மாதத்தில் கதிர்காமத்துக்கு. விழுந்த பிறகு அந்த வேன் எங்கள் ஒழுங்கையின் முடிவில் ஒரு தார்ப்பாய்ப் படங்கால் மூடப்பட்டு ஒன்றரை வருஷம் நின்றது. வத்தளையிலிருந்து ஒருவர் அதை வாங்கிக்கொள்ள ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வருவார். படங்கைத் தூக்கிப் பார்ப்பார், டயரைக் காலால் தட்டிப் பார்ப்பார், போவார். பக்கத்து வீட்டு அம்மா வேலியால் எட்டிப் பார்த்து, "பட்ட காலிலே படும் எண்டு சும்மாவா சொன்னவை" என்று பெருமூச்சு விடுவார். எனக்குப் பட்டது முதுகில். அதைச் சொல்லவும் வாய் வரும், அடக்கிக்கொள்வேன்.

மனைவி விற்கச் சொன்னாள். அவள் கெட்டவள் அல்ல. பயந்தவள். அந்த நாளுக்குப் பிறகு "இன்னும் கொஞ்சம்" என்ற சொல்லை அவள் வாயால் நான் கேட்டதே இல்லை. சோறு போடும்போதுகூட "போடட்டோ" என்றுதான் கேட்பாள். வெள்ளவத்தையில் ஒரு கொமியூனிகேஷன் கடையில், வெளிநாட்டுக்கு நம்பர் சுழற்றிக் கொடுக்கும் வேலை அவளுக்கு. காலையில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் மாலையில் தொங்கிக்கொண்டு வருவாள். படங்கு மூடிய வேனைத் தாண்டித்தான் அவள் பஸ்ஸுக்குப் போக வேண்டும். ஜன்னலால் அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

ஐந்தாறு கராஜ்களில் கேட்டுப் பார்த்தோம். எல்லாரும் முதலில் சொன்னது ஒரே சொல்: பாவம். ஒருவர், "கால் இல்லாம எப்பிடி பிரேக் பிடிப்பாரு?" என்று என் மனைவியைப் பார்த்துக் கேட்டார். நான் அவருக்கு முன்னால் ஒரு முழத் தூரத்தில் இருந்தேன். நாற்காலியில் இருப்பவனுக்குக் காதும் கேட்காது என்பது பலருடைய எண்ணம்.

கடைசியில் முகத்துவாரத்தில் படகு எஞ்சின் திருத்தும் ஒருவன் அகப்பட்டான். வீட்டில் தமிழ், வேலையில் சிங்களம், ஆத்திரம் வந்தால் இரண்டும் பேசுகிறவன். ஒழுங்கைக்கு வந்து படங்கை உருவி எறிந்தான். டிரைவர் இருக்கையில் ஏறி, கால்களை மடித்துச் சப்பணம் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தான். கால்களை மறந்துவிட்டு யோசிக்கிறானாம். பிறகு தலையை வெளியே நீட்டிச் சொன்னான்:

"அண்ணன், போட் ஓட்டக் கால் வேணுமா? இல்லத்தானே. கையாலதான் நடுக்கடலுக்கே போய் வாறோம். இது சும்மா வெள்ளவத்தைக்குப் போற காலி ரோட்."

பாவம் என்று சொல்லாத முதல் ஆள் அவன். சந்தோஷத்தை மறைக்க, "அப்ப கதைக்காம வேலையைத் தொடங்கும்" என்று எரிந்து விழுந்தேன்.

வேன் ஓட்டோ கியர் என்பதால் கிளச் இல்லை. பிரேக்கும் அக்ஸிலேட்டரும்தான். ஸ்டியரிங்குக்கு வலப்பக்கத்தில் ஒரு இரும்புக் கோலை நிறுத்தினான். கோலை முன்னே தள்ளினால் அதன் அடிமுனை பிரேக்கை அழுத்தும். கோலை என் பக்கம் இழுத்தால், படகு எஞ்சினில் போடும் கேபிள் ஒன்று அக்ஸிலேட்டரை இழுக்கும். ஆக, வலக்கைதான் இரண்டு காலும். இடக்கையால் ஸ்டியரிங்கைத் தனியே சுழற்ற, அதன் வளையத்தில் ஒரு அலுமாரிக் கதவின் பித்தளைக் குமிழைப் பூட்டினான்.

ஏறுவதுதான் பெரிய பாடு. இந்த வகை வேனில் எஞ்சின் இருக்கைக்கு அடியில் இருப்பதால் டிரைவர் இருக்கை என் நெஞ்சு உயரத்துக்கு இருக்கும். அவன் கதவோரமாகப் பிணைச்சல் வைத்து ஒரு பலகையை மாட்டினான். கதவைத் திறந்தால் பலகை வெளியே விழுந்து பாதி உயரத்தில் நிற்கும். நாற்காலியிலிருந்து பலகைக்குக் கையை ஊன்றி ஒரு தெண்டு, பலகையிலிருந்து இருக்கைக்கு இன்னொரு தெண்டு. நாற்காலியை மடித்துக் கொக்கியில் மாட்டினால், கூரையில் பூட்டிய கப்பியால் கயிறு இழுத்து அதை மேலே ஏற்றிவிடலாம். முதல் நாள் நான் இரண்டு தரம் விழுந்தேன். மூன்றாம் தரம் ஏறினேன். ஒருவரும் என்னைத் தொடவில்லை. அந்த உயரத்திலிருந்து எங்கள் ஒழுங்கையை ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு பார்த்தேன்.

மழை பெய்தால் என்ன, டயர் காற்றுப் போனால் என்ன, கேபிள் அறுந்தால் என்ன என்று நானும் அவனும் நாள் முழுக்க யோசித்தோம். ஒரு கேபிளுக்கு இரண்டாகப் போட்டோம். தினமும் செக்பொயின்டில் மறிக்கப்பட்டு, இறங்கி, அட்டை காட்டி, ஏறிப் பழகிய இரண்டு பேர் செக்பொயின்டை மட்டும் யோசிக்கவில்லை. அது எங்களுக்கு வெயில் மாதிரி ஆகிவிட்டிருந்தது.

அதற்குப் பிறகு அனுமதி. ஒரு அலுவலகத்தில் எனக்கு வாகனம் ஓட்டும் தகுதி இருக்கிறதா என்று பார்த்துக் கடிதம் தர வேண்டும். அந்த அறை இரண்டாம் மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது. மனைவி மேலே போய்ச் சொன்னால், "ஆளை வரச் சொல்லுங்க" என்றார்களாம். ஆள் வர முடியாது என்பதற்குத்தானே கடிதம்! மூன்று தரம் போய் மூன்று தரமும் வாசலில் வெயில் காய்ந்துவிட்டுத் திரும்பினேன். நாலாம் தரம் நான் கீழே நின்று போட்ட சத்தத்தில் அதிகாரி பல்கனிக்கு வந்து என்னை எட்டிப் பார்த்தார். கையை ஆட்டச் சொன்னார். ஆட்டினேன். கடிதம் கிடைத்தது.

இனி மனைவி ஒருத்திதான் மிச்சம். அவள் ஒரு நிபந்தனை போட்டாள்.

"ஒருத்தரும் உங்களைத் தொட்டுத் தூக்காமல், நீங்களாகவே வெள்ளவத்தைக்கு வந்து என்னை ஏத்திக்கொண்டு வாங்கோ. வேன் உங்களோடயே இருக்கட்டும். ஆரும் தூக்கினவை எண்டால் வாற ஞாயிற்றுக்கிழமை அந்த மனுஷன் வரேக்க குடுத்துவிடுறது. சம்மதமோ?"

"சம்மதம்" என்றேன்.

ஒரு வியாழக்கிழமை மூன்றரை மணிக்கு வெளிக்கிட்டேன். அவளுக்கு வேலை ஐந்து மணிக்கு முடியும். கோட்டைப் பக்கம் சுற்றிவிட்டு, காலி நகர்ப் பக்கம் கடலோரமாகப் போகும் காலி வீதியில் ஏறியபோது கடல் காற்று ஜன்னலால் அடித்தது. வாய்விட்டுப் பாடினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் பாடினேன். இரண்டு செக்பொயின்டில் சும்மா கையைக் காட்டிப் போகச் சொன்னார்கள். மூன்றாவதில் மறித்தார்கள்.

தார் பீப்பாய்களை மாறி மாறி வைத்து, வளைந்து வளைந்து போகும்படி விட்டிருந்தார்கள். முன்னுக்கு நின்றவன் இளம் ஆமிக்காரன், மீசை சரியாக முளைக்கவில்லை. ஜன்னலால் எட்டிப் பார்த்தான். இரும்புக் கோல். அதன் அடியிலிருந்து கீழே போகும் இரண்டு கேபிள்கள். கூரையில் கயிற்றில் தொங்கும் ஏதோ ஒன்று. ஒரு தமிழ் முகம். அவன் இரண்டு அடி பின்னுக்குப் பாய்ந்து துவக்கை நீட்டினான்.

"அத் தெகம உஸ்ஸப்பாங்!"

இரண்டு கையையும் தூக்கு. இடக்கையைத் தூக்கினேன். வலக்கை பிரேக்கில் இருந்தது. ஓட்டோ கியர் ஓட்டியவர்களுக்குத் தெரியும், பிரேக்கை விட்டால் வண்டி தானாகவே முன்னுக்கு ஊரும். எனக்கு முன்னால் அவன் நின்றான், அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

"தெகம! தெகம!" என்று, இரண்டையும் தூக்கச் சொல்லிக் கத்தினான்.

கையைத் தூக்கினால் வேன் அவன் மேல் போகும், சுடுவான். தூக்காவிட்டால் தூக்கவில்லை என்று சுடுவான். கைபிரேக் ஒன்று இருக்கிறதே என்று நீங்கள் கேட்பீர்கள். இருக்கிறது, இருக்கைக்குப் பக்கத்தில், கீழே. இடக்கையை இறக்கிக் கீழே எதையோ தேடும் தமிழனை அந்த நிமிஷத்தில் அவன் என்ன செய்வான் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சாவியும் கீழேதான். வலக்கையின் பிடி ஒரு கணம் தளர, வேன் ஒரு சாண் முன்னுக்கு ஊர்ந்தது. துவக்கில் க்ளிக் என்று ஒரு சத்தம் கேட்டது.

"மே அத தமாய் மகே ககுல!" என்று கத்தினேன். இந்தக் கைதான் என் கால். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அதைவிடத் தெளிவாகச் சொல்ல வரவில்லை. அவனுக்கு விளங்கவில்லை. கை எப்படிக் காலாகும்?

பக்கவாட்டால் வந்த வயதான ஆமிக்காரன் ஒருவன் கதவை இழுத்துத் திறந்தான். கதவு திறந்ததும் பலகை விழும் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? அது அவன் முழங்காலில் விழுந்தது. கெட்ட வார்த்தையோடு கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினான். இருவர் என் கக்கத்தில் கையைக் கொடுத்து இழுத்தார்கள். கால்கள் தாமாகப் பின்னால் இழுபட்டு வந்தன. தார் ரோட்டின் ஓரத்தில் என்னைக் குந்த வைத்தார்கள். குந்த முடியாது என்பதால் சரிந்தேன். ஒரு செருப்பு வேனுக்குள்ளேயே கிடந்தது. பஸ்கள் மெதுவாகிப் போயின, சனம் ஜன்னலால் பார்த்தது. பார்த்தவர்களில் பாதிப் பேர் தமிழர்கள், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்கள்மேல்தான் எனக்கு முதலில் கோபம் வந்தது. நானும் பஸ்ஸில் இருந்திருந்தால் திருப்பியிருப்பேன்.

நாற்காலியை இறக்கிக் குலுக்கிப் பார்த்தார்கள். வேனை ஓரத்துக்கு எடுக்கவென்று ஒருவன் ஏறி, வழக்கம்போலக் காலால் பிரேக்கை மிதித்தான். கோல் சடாரென்று முன்னுக்குப் போய் அவன் கைமுட்டியை நசுக்கியது. அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அதுதான்.

வயதானவன் டயக்னோசிஸ் கார்டை எடுத்து நிதானமாக வாசித்தான். ஆங்கிலத்தில் இருந்தது. நான் சிங்களத்தில் விளக்கினேன். மேட்ச், அன்டெனா, மேல்தட்டு. அவன் முகம் மெல்ல மாறியது. மற்றவர்களைக் கூப்பிட்டுச் சொன்னான். சிரித்தார்கள். துவக்கு நீட்டிய இளம்பொடியன்தான் எல்லாரையும்விடச் சிரித்தான்.

"மெச் எக தினுவாத?" என்று கேட்டான். மேட்சை வென்றோமா என்று.

"பெரதுனா" என்றேன். தோற்றுவிட்டோம்.

மறுபடியும் சிரித்தார்கள். அட்டைகளைத் திருப்பித் தந்தார்கள். பிறகு என்னைத் தூக்க வந்தார்கள். வேண்டாம், நாற்காலியைப் பக்கத்தில் வைத்தால் போதும், நானே ஏறுவேன் என்று சொன்னேன். "மட்ட நகின்ன புளுவன்" என்று மூன்று தரம் சொன்னேன். அவர்கள் கேட்கவில்லை. ஒருவன் தோளையும் ஒருவன் காலையும் பிடித்துக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி இருக்கையில் வைத்தார்கள். வயதானவன் என் சட்டையைக்கூடச் சரிசெய்துவிட்டான். "பவ்" என்றான். பாவம்.

இழுத்து இறக்கியபோது எனக்கு இவ்வளவு கோபம் வரவில்லை. சத்தியமாக வரவில்லை. அந்த இரக்கத்தை வாங்கிக்கொண்டு "ஸ்துதி" என்று நன்றியும் சொல்லிவிட்டு வந்தேன் பாருங்கள், வெள்ளவத்தை வரைக்கும் பல்லைக் கடித்த கடியில் தாடை வலித்தது.

ஐந்தே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தேன். கடையின் ஷட்டரை இறக்கிவிட்டார்கள். அவள் படியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். வேனைக் கண்டதும் எழுந்து ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. ஏறி இருந்து கதவைச் சாத்தினாள்.

"ஏன் இவ்வளவு நேரம்?"

"ட்ரஃபிக்."

"ஒருத்தரும் தூக்கேல்லையோ?"

"இல்லை" என்றேன்.

அவள் என் தோளில் கையை வைத்தாள். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் நான் அவளுக்குச் சொன்ன முதல் பெரிய பொய் அது.

இரவு சாப்பாட்டுக்கு முன் வழக்கம்போல என் கால்களைத் துடைக்க வந்தாள். எனக்கு அங்கே ஒன்றும் தெரியாது என்பதால் தினமும் அவள்தான் காயம் ஏதும் உண்டா என்று பார்ப்பாள். ரோட்டில் செருப்பில்லாமல் கிடந்த காலின் குதியில் தோல் உரிந்து, பெரிய கொப்புளம் ஒன்று எழும்பியிருந்தது. தார் ரோட்டின் சூடு. எனக்குத் தெரியவே இல்லை. பொய்யை மறைக்க நினைத்தவன் குதியை மறக்கலாமா!

அவள் குதியை விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள், "எவடத்தில இறக்கினவங்கள்?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், கத்திச் சொன்னேன். ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும். ஆமிக்காரனை ஏசினேன், அன்டெனாவை ஏசினேன், அவளையும் ஏசினேன், நிபந்தனை போட்டதற்காக. அவள் மருந்தைப் பூசித் துணியைச் சுற்றினாள். வேன் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வத்தளைக்காரர் வந்தார். டயரைத் தட்டினார். மனைவி வாசலில் நின்று, "விக்கிறதா இல்லை, இனி வராதேங்கோ" என்றாள். அவர் போனதும் குடையை எடுத்துக்கொண்டு முகத்துவாரத்துக்குப் போய்விட்டாள். மெக்கானிக்கைக் கையோடு கூட்டி வந்தாள். வேனுக்குப் பக்கத்தில் நின்று அவனுக்குச் சொன்னது எனக்குக் கேட்டது.

"அவர் ரெண்டு கையையும் தூக்கினாலும் வேன் நிக்கோணும். அதுக்கு ஏதாவது செய்யும்."

அவன் தலையில் அடித்துக்கொண்டான். "அய்யோ அக்கா, இதை யோசிக்கல்லயே!" அன்றைக்கே பழைய ஜன்னல் கொக்கி ஒன்றை வெட்டி வளைத்து, டாஷ்போர்டில் பூட்டினான். கோலை முழுதாகத் தள்ளிப் பெருவிரலால் ஒரு தட்டு. கொக்கி விழுந்து கோலைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு கையும் விடுதலை. வேன் அசையாது. நல்ல வேலை. இன்றைக்கும் சொல்வேன், நல்ல வேலை. ஒழுங்கையில் அவள் ஆமிக்காரன் மாதிரி "அத் தெகம!" என்று சத்தம் போட, நான் தட்டித் தட்டிக் கையைத் தூக்கிப் பழகினேன். நாங்கள் இருவரும் சிரிக்கவும் செய்தோம்.

அடுத்த கிழமை அவளை ஏற்றிக்கொண்டு வெள்ளவத்தையிலிருந்து திரும்பும்போது காலி வீதியில் மறித்தார்கள். வேறு ஒருவன். அவனும் கோலைக் கண்டான், பின்னுக்குப் போனான், அதையே சொன்னான். அவன் வாய் மூடுவதற்குள் தட்டினேன். இரண்டு கையும் மேலே. வேன் மலைபோல நின்றது.

அவன் எட்டிப் பார்த்தான். கோல், கொக்கி, என் கால்கள். விளங்கிவிட்டது. துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, "ஷோக் நே!" என்றான். பிரமாதம். என் மனசு குளிர்ந்துபோயிற்று. கராஜ்காரர்கள், அதிகாரி, பக்கத்து வீட்டு அம்மா, ஒருவரும் என் வேனைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. சிரித்துக்கொண்டு கொக்கியைக் கழற்றி, இன்னொரு தரம் தட்டிக் காட்டினேன். கைகளைத் தூக்கினேன். அவன் தன் கூட்டாளியைக் கூப்பிட்டான். கூட்டாளிக்கும் ஒரு தரம் காட்டினேன். தட்டு, கை மேலே. இருவரும் கை தட்டினார்கள்.

பக்கத்திலிருந்து மனைவி மெதுவாகச் சொன்னாள், "காணும். கையை இறக்குங்கோ."

அவள் என்னைப் பார்க்காமல் முன்னாலிருந்த பீப்பாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையை இறக்கினேன். எவன்மேல் கோபப்படுவது என்று கொட்டாஞ்சேனை வரைக்கும் தேடினேன். முதல் தரம் அவன் தூக்கச் சொன்னான், தூக்கினேன். மற்ற இரண்டு தரமும் ஒருவரும் சொல்லவில்லை. நானாகவே தூக்கினேன்.